உறிஞ்சி எடுப்பதா, வலை போட்டு இழுப்பதா? மூளை ரத்தக்கட்டி அகற்றும் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பக்கவாத வார்டு வாசலில் உறவினர்கள் கேட்கிற கேள்விகள் இவை. இப்போதெல்லாம் அவசரத்துக்கு நடுவிலேயே செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "சார், சக்ஷன் பண்ணுவீங்களா, ஸ்டென்ட்டா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு சில உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

பக்கவாதம் வந்த எல்லோருக்கும் கட்டியை எடுப்பார்களா?

இல்லை. முதலில், பக்கவாதம் என்பது ஒரே நோய் இல்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துக் கசிவது ஒன்று, குழாய் அடைத்துக்கொள்வது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்: வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். எது என்று சொல்ல சி.டி. ஸ்கேன் வேண்டும்.

அடைப்பு என்று தெரிந்த பிறகும் எல்லோருக்கும் இந்தச் சிகிச்சை கிடையாது. கழுத்திலிருந்து மூளைக்குள் ஏறும் பெரிய தமனி, அது பிரிந்து போகும் நடு மூளைத் தமனியின் முதல் பகுதி, பின்மூளைக்குப் போகும் பேசிலார் தமனி, இப்படிப் பெரிய குழாயில் அடைப்பு இருந்தால்தான் ட்யூப் விட்டுக் கட்டியை எடுப்பதில் பலன் உண்டு. நம் பக்கம் சர்க்கரையும் பி.பி.யும் நிறைய, அதனால் வரும் நுண்குழாய் அடைப்புகளுக்குள் எந்த ட்யூபும் நுழையாது. நடுத்தர அளவுக் குழாய்களிலும் எடுத்துப் பார்க்கலாமே என்று ஆராய்ந்த இரண்டு பெரிய சோதனைகள் 2025-இல் வெளியாயின. மருந்து மட்டும் கொடுத்தவர்களைவிட, கட்டியை எடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே "அவருக்குப் பண்ணாங்க, எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் பண்ணல?" என்பதற்குப் பெரும்பாலும் பதில் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ படத்திலேயே இருக்கும்.

ஊசி போட்டால் கட்டி கரைந்துவிடாதா? அதற்கப்புறம் எதற்கு ட்யூப்?

கரைக்கும் ஊசி உண்டு. ஆல்டிப்ளேஸ் என்பது பழைய மருந்து: எடைக்கு ஏற்ற அளவில் ஒரு பங்கை உடனே போட்டு, மீதியை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். டெனெக்டிப்ளேஸ் ஒரே ஊசியாகப் போய்விடும், இந்தியாவிலேயே தயாராகிறது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் வழக்கமாக இதைப் போடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், பெரிய குழாயில் நீளமாக உட்கார்ந்த கட்டியை இந்த மருந்தால் பல நேரம் கரைக்க முடிவதில்லை. அதனால் தகுதி உள்ளவருக்கு ஊசியையும் போட்டு, கரைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல், கையோடு கேத் லேபுக்கு (ரத்தக்குழாய்க்குள் ட்யூப் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) கொண்டுபோவார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

உறிஞ்சுவது, வலை போடுவது என்கிறார்களே, உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

ஆரம்பம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தொடை மடிப்பில் உள்ள தமனியில் (சில நேரம் மணிக்கட்டில்) சின்னத் துளை போட்டு, நீண்ட ட்யூபைக் கழுத்துத் தமனி வரை ஏற்றுவார்கள். மண்டையைத் திறப்பதில்லை. "ஆபரேஷன்" என்றதும் மொட்டை அடிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேண்டாம்.

அதற்கப்புறம் வழி பிரிகிறது.

வலை முறையில் முதலில் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியும், அதன் மேல் ஒரு நுண்ட்யூபும் கட்டியைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். நுண்ட்யூபுக்குள் மடங்கிய நிலையில் ஸ்டென்ட் ரிட்ரீவர் என்ற உலோக வலை இருக்கும். நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்தது. மடக்கினாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். நுண்ட்யூபைப் பின்னால் இழுத்ததும் வலை கட்டிக்குள்ளேயே விரிந்து கம்பிகள் அதற்குள் பதியும். உடனே இழுக்க மாட்டார்கள். வலை கட்டியை நன்றாகப் பிடிப்பதற்காகச் சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். கேத் லேபில் யாரும் பேசாத நிமிடங்கள் அவை. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக நேரம் சொல்வார். பிறகு கழுத்தில் நிற்கும் பெரிய ட்யூபில் உறிஞ்சிக்கொண்டே வலையையும் கட்டியையும் சேர்த்து வெளியே இழுப்பார்கள்.

உறிஞ்சும் முறையில் கட்டியைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. உள்விட்டம் சுமார் 1.7 மில்லிமீட்டர் உள்ள வளையும் ட்யூபைக் கட்டியின் முகப்பு வரை கொண்டுபோய் முட்ட வைத்து, பம்பை ஓட விடுவார்கள். ட்யூப் வழியே கட்டி கரகரவென்று வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இளநீர் குடிக்கும்போது வழுக்கை வந்து ஸ்ட்ரா நுனியில் ஒட்டிக்கொள்ளுமே, அதே கதைதான்: உறிஞ்சலை விடாமல் ட்யூபை அப்படியே வெளியே இழுத்தால் நுனியில் ஒட்டியபடி கட்டியும் வரும். பம்ப் பாட்டிலில் ரத்தம் ஓடுவது நின்றுவிட்டால் கட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் டாக்டர் இழுக்கத் தொடங்குவார்.

மூன்றாவது, இரண்டையும் சேர்த்துச் செய்வது. வலையை விரித்து வைத்து, உறிஞ்சும் ட்யூபையும் கட்டி வரை கொண்டுபோய், இரண்டையும் ஒன்றாக இழுப்பது. இதற்கு ஆங்கிலத்தில் பல செல்லப்பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று சொலும்ப்ரா: சொலிடேர் என்ற வலையின் பெயரையும் பெனும்ப்ரா என்ற உறிஞ்சும் கருவியின் பெயரையும் ஒட்டவைத்தது.

சரி, எதுதான் நல்லது?

நேரடியாக மோதவிட்டுப் பார்த்த சோதனைகள் இருக்கின்றன. அதனால் இதற்கு அபிப்ராயம் சொல்ல வேண்டியதில்லை, எண்ணையே சொல்லலாம்.

பிரான்சில் நடந்த ஆஸ்டர் சோதனை (2017) 381 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தது: ஒரு பாதிக்கு முதலில் உறிஞ்சல், மறு பாதிக்கு முதலில் வலை. சிகிச்சை முடிவில் குழாய் நன்றாகத் திறந்தது உறிஞ்சலில் 85.4 சதவீதம், வலையில் 83.1 சதவீதம். வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அமெரிக்காவில் நடந்த காம்பஸ் சோதனை (2019) 270 பேரை எடுத்துக்கொண்டு, குழாய் திறந்ததா என்பதை விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து ஆள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்று கேட்டது. உறிஞ்சலில் 52 சதவீதம், வலையில் 50 சதவீதம். உறிஞ்சல் வலைக்குக் குறைந்ததல்ல என்று முடிவானது.

அப்படியென்றால் இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆஸ்டர்-2 (2021) அதைத்தான் 405 பேரிடம் சோதித்தது. ஏறத்தாழ முழுமையாகக் குழாய் திறந்தது சேர்த்துச் செய்தவர்களில் 64.5 சதவீதம், வலை மட்டும் போட்டவர்களில் 57.9. எண் கூடுதலாகத் தெரிந்தாலும், தற்செயலாகவும் அப்படி வரலாம் என்ற எல்லைக்குள்தான் இருந்தது. சேர்த்துச் செய்வதே மேல் என்று அடித்துச் சொல்ல அந்தச் சோதனை இடம் தரவில்லை.

ஆஸ்டரில் இன்னொரு எண்ணும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. உறிஞ்சலில் தொடங்கியவர்களில் 32.8 சதவீதம் பேருக்கு அது போதாமல் வேறு கருவியையும் எடுக்க வேண்டி வந்தது. வலையில் தொடங்கியவர்களில் அது 23.8 சதவீதம். ஆகவே "நாங்க சக்ஷன் மட்டும்தான் பண்ணுவோம்" என்று ஒரு இடத்தில் சொன்னால் எனக்கு அது உறுத்தும். எதில் தொடங்கினாலும் மற்றது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

என் கணிப்பு: கருவியைவிட, முதல் இழுப்பிலேயே முழுசாகத் திறக்கிறதா என்பது முக்கியம். ஒரே இழுப்பில் திறந்தவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். மூன்றாவது, நாலாவது தடவை போகும்போது பலன் குறைந்து, குழாய்ச் சுவருக்குச் சேதமும் கூடுகிறது. அது டாக்டரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது. தினமும் வலை போட்டுப் பழகியவரை, நீங்கள் செல்போனில் படித்ததை வைத்து உறிஞ்சச் சொல்லாதீர்கள்.

அப்படியானால் டாக்டர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்?

குழாயின் போக்கு ஒன்று. வயதானவர்களுக்கு நெஞ்சிலிருந்து கிளம்பும் இடத்திலும் கழுத்திலும் தமனி வளைந்து நெளிந்து போயிருக்கும். பெரிய உறிஞ்சும் ட்யூப் அந்த வளைவுகளில் முட்டி நின்றுவிடலாம். அப்போது வலையை விரித்து, அதையே நங்கூரமாகப் பிடித்துக்கொண்டு ட்யூபை ஏற்றுவார்கள்.

கட்டியின் தன்மை இன்னொன்று. வெளியே எடுத்த கட்டியைத் துணியில் வைத்துப் பார்த்தாலே தெரியும். கருஞ்சிவப்பாக, தொட்டால் நசுங்கும்படி இருப்பதில் சிவப்பணுக்கள் அதிகம். அது சுலபமாக வரும். வெளிறி ரப்பர் மாதிரி இருப்பதில் ஃபைப்ரின் என்ற உறைநாரும் தட்டணுக்களும் அதிகம். அது வலைக்குள்ளும் பதியாது, ட்யூபுக்கும் எளிதில் மசியாது.

மூன்றாவது நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். மேற்கத்திய நோயாளிகளைவிட ஆசிய நோயாளிகளுக்கு மூளைக்குள் இருக்கும் தமனியிலேயே கொழுப்புப் படிந்து குறுகிப்போவது அதிகம். அந்தக் குறுகலில் உருவான கட்டியை உறிஞ்சினாலும் இழுத்தாலும் குழாய் திறக்கும். பத்து நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் திரும்ப மூடியிருக்கும். அப்போது தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மருந்து, பலூனால் விரிப்பது, சில நேரம் நிரந்தர ஸ்டென்ட் என்று போக வேண்டிவரும். ஆஸ்டரும் காம்பஸும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் நடந்தவை என்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது.

பலூன் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் கட்டி சிதறாது என்கிறார்களே?

கழுத்துத் தமனியில் பலூன் ஊதி ஓட்டத்தை நிறுத்திவிட்டு இழுத்தால் துணுக்குகள் மேலே போகாது என்பது கணக்கு. பல ஆண்டுகள் அதுவே நல்லது என்று நம்பினோம். சீனாவில் நடந்து 2024-இல் வெளியான புரொடெக்ட்-எம்டி சோதனையில் பலூன் போட்டவர்களின் முடிவு மோசமாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது இன்னும் பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சையா?

இல்லவே இல்லை. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருவியான மெர்சி, திருகுசுருள் வடிவக் கம்பி. பிறகு உறிஞ்சும் கருவிகள் வந்தன; 2012-இல் ஸ்டென்ட் வலைகள் மெர்சியைத் தோற்கடித்தன. 2013-இல் வெளியான மூன்று சோதனைகள் மருந்தைவிட இதில் பெரிய லாபம் இல்லை என்றன. அவற்றில் பெரும்பாலும் பழைய கருவிகள்; பலருக்குப் பெரிய குழாயில்தான் அடைப்பா என்று பார்க்கவும் இல்லை. 2015-இல் நிலைமை தலைகீழானது. நெதர்லாந்தின் எம்ஆர் கிளீன் தொடங்கி ஐந்து சோதனைகள் வரிசையாக ஒரே பதிலைச் சொன்னன. அந்த ஐந்தையும் சேர்த்த ஹெர்மிஸ் கணக்கில் மொத்தம் 1,287 பேர். மூன்று மாதத்தில் பிறர் தயவில்லாமல் நடமாடியவர்கள், கட்டியை எடுத்தவர்களில் 46 சதவீதம், எடுக்காதவர்களில் 26.5 சதவீதம்.

உறிஞ்சலா வலையா என்ற சண்டையில் வித்தியாசம் இரண்டு சதவீதம். எடுத்ததா எடுக்காததா என்பதில் கிட்டத்தட்ட இருபது. கவலையை எங்கே வைக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும்?

முதல் ஆறு மணி நேரம் என்பது பழைய வரம்பு. 2018-இல் டான், டிஃப்யூஸ் 3 என்ற இரண்டு சோதனைகள், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி மீதி இருந்தால் அதைத் தாண்டியும் பலன் உண்டு என்று காட்டின: டிஃப்யூஸ் 3-இல் 16 மணி நேரம் வரை, டானில் 24 மணி நேரம் வரை. ஆனால் "24 மணி நேரம் இருக்காம்ல" என்று சாவகாசமாக வந்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைத்த மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது கணக்கு. தாமதமாக வந்தும் தப்பிப்பவர்கள், பக்கத்துக் குழாய்கள் கொஞ்சம் ரத்தம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தவர்கள். உங்கள் வீட்டுக்காரர் அந்த ரகமா என்று முன்கூட்டியே தெரியாது.

நேரத்தை எண்ணுவது, நீங்கள் பார்த்த நிமிடத்திலிருந்து அல்ல. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. இங்கேதான் குழப்பம் வரும்.

"காலைல எந்திரிக்கும்போதே இப்படித்தான் சார் கெடந்தாங்க."

"ராத்திரி யாராவது பேசினீங்களாம்மா? பாத்ரூம் போக எந்திரிச்சாங்களா?"

"ஆமா, மூணு மணிக்குத் தண்ணி கேட்டாங்க. நாந்தான் குடுத்தேன். நல்லாத்தான் பேசுனாங்க."

அந்த ஒரு சொம்புத் தண்ணீர் கணக்கை மாற்றிவிடும். ராத்திரி பத்து மணிக்குப் பதிலாக மூன்று மணி என்று எழுதினால், சிகிச்சை வழியே மாறலாம். அதனால் ஆம்புலன்சில் கூட வர வேண்டியவர் நோயாளியைக் கடைசியாகப் பார்த்தவர்தான். வீட்டில் பெரியவர் யார் என்பது இங்கே கணக்கில்லை.

உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் பக்கம் இருக்கிறோம். எங்கே போவது?

முதலில் 108. சொந்தக்காரரின் காரை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். ஆம்புலன்ஸ்காரரிடம் "ஸ்ட்ரோக்" என்ற வார்த்தையையும், தொடங்கிய நேரத்தையும் சொல்லுங்கள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் சி.டி.யும் கரைக்கும் ஊசியும் இருந்தால் அங்கே ஸ்கேன் எடுத்து ஊசியைத் தொடங்கிவிட்டு மதுரைக்கு அனுப்புவது நல்ல வழி. சி.டி.யே இல்லாத இடத்தில் பி.பி. பார்த்து, டிரிப் ஏற்றி, "கொஞ்சம் பார்க்கலாம்" என்று ஒரு மணி நேரம் போவதுதான் நஷ்டம். மதுரைக்குள் வந்த பிறகும் இரண்டு மூன்று ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கக் கூடாது. கிளம்பும்போதே போன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: கேத் லேப் இந்த நேரத்தில் ஓடுகிறதா, மூளை ரத்தக்குழாய்க்குள் ட்யூப் விடப் பயிற்சி பெற்ற டாக்டர் வருவாரா, எவ்வளவு நேரத்தில் தொடங்குவீர்கள்? இதய ஆஞ்சியோ செய்யும் எல்லா இடத்திலும் மூளைக்குச் செய்வார்கள் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று. அரசு இராஜாஜி மருத்துவமனை, நம் பெரியாஸ்பத்திரி, கோரிப்பாளையத்தை ஒட்டி இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு வழியை 108 ஓட்டுநரிடம் விட்டுவிடுங்கள், குறுக்குச் சந்து சொல்லிக் குழப்ப வேண்டாம்.

வழியில் காபி, மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா? புறா ரத்தம் தேய்த்தால்?

எதுவும் வேண்டாம். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் காபி நுரையீரலுக்குள் போய்விடும். மாரடைப்புக்குக் கொடுக்கிற மாதிரி ஆஸ்பிரின் கொடுப்பதும் தப்பு, அது ரத்தக்கசிவாக இருந்தால்? புறா ரத்தத்தால் புறாவுக்கும் பயனில்லை, கைக்கும் பயனில்லை.

முழு மயக்கம் கொடுப்பார்களா?

சிலருக்கு முழு மயக்கம், சிலருக்கு லேசான தூக்கம். ஆள் எவ்வளவு புரண்டு அசைகிறார், மூச்சு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கையெழுத்துக் கேட்கும்போது ரத்தக்கசிவு, உயிராபத்து என்றெல்லாம் படித்துக் காட்டுகிறார்களே?

குழாயில் துளை விழலாம், கட்டியின் துணுக்கு வேறு குழாய்க்குப் போகலாம், தொடையில் ரத்தம் கட்டலாம், மூளையில் கசியலாம். இவை நிஜம். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள். ஹெர்மிஸ் கணக்கில் நிலைமையை மோசமாக்கும் மூளைக்கசிவு, எடுத்தவர்களில் 4.4 சதவீதம், எடுக்காதவர்களில் 4.3. கையெழுத்துப் போடாமல் விட்டால் ஆபத்து போய்விடாது. மூத்த மருமகன் சென்னையிலிருந்து போனில் வரட்டும், சித்தப்பா வரட்டும் என்று தள்ளிப்போடும் அரை மணி நேரம்தான் நான் பார்த்தவரையில் அதிகச் சேதம் செய்கிறது.

செலவு? காப்பீடு கிடைக்குமா?

பில்லில் பெரிய பங்கு கருவிகளுக்குத்தான். வலை, உறிஞ்சும் ட்யூப், நுண்ட்யூப், கம்பி எல்லாம் ஒரு ஆளுக்கு மட்டும் பயன்படுத்துபவை. உறிஞ்சலோடு வேலை முடிந்தால் வலையின் விலை மிச்சம். இரண்டும் தேவைப்பட்டால் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம். சேர்த்துச் செய்யும் முறை முதல் இழுப்பிலிருந்தே செலவு கூடியது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை வரம்பு உண்டு. எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை அங்கேயுள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேளுங்கள். ஒருவர் அங்கே நிற்கட்டும், இன்னொருவர் கையெழுத்துப் போடட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

வலை போட்டு எடுத்தார்கள். உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

டிஸ்சார்ஜ் ஆகி மாதக்கணக்கில் கழித்தும் இதைக் கேட்கிறார்கள். பெயரில் ஸ்டென்ட் என்று இருப்பதால் வரும் குழப்பம். ஸ்டென்ட் ரிட்ரீவர் கட்டியோடு வெளியே வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை, எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு அதனால் தடை இல்லை. குறுகலான இடத்தில் நிரந்தர ஸ்டென்ட் வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது தனியாக எழுதியிருக்கும். அவர்களுக்கு வழக்கமாக இரண்டு ரத்தம் இளக்கும் மாத்திரைகள் எழுதியிருப்பார்கள். பல் பிடுங்கப் போகிறேன், கண் ஆபரேஷன் இருக்கிறது என்று டாக்டரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் சம்மரியை எடுத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்கு வாருங்கள், படித்துச் சொல்லிவிடுவார்கள்.